மண்டூர்ப் பாதை

இரண்டரைக்கு மணி ஒன்றும் அடிக்காது.
திரையில் எண்கள் அப்படியே நின்றுவிடும்,
அவ்வளவுதான்.
இன்றைக்குச் சுட்டெண் தொண்ணூற்றாறு புள்ளி மேலே.
பச்சை அம்பு.
மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
மூன்று மேசை போட்ட எங்கள் கிளைக்கு
இரண்டு முப்பத்தொன்றுக்கு முதல் அழைப்பு,
ஏறாவூர் இன்ஷாப் ஹாஜியார்.

"என்னகா புள்ள,
கொழும்பு ஏறிட்டெண்டு ரேடியோவில சொல்றான்.
நான் வாங்கின நாலும் இறங்கிக் கிடக்கு.
எந்தக் கொழும்பு ஏறின?"

சொல்லத் தெரியும் எனக்கு.
சோதனையில் எழுதிச் சித்தியடைந்த விடை:
சந்தை மூலதனத்தால் நிறையிட்ட சராசரி.
நாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டு
"குருமண்வெளிப் பாதையில் ஏறியிருக்கிறீங்களா ஹாஜியார்?"
என்றேன்.

நான் நாளுக்கு இரண்டு தரம் ஏறுகிறேன்.
வாவியைக் கடக்கும் அந்த இரும்புத் தட்டைத்தான்
நாங்கள் பாதை என்கிறோம்.
நாற்பது பேர் இடப்பக்கம் ஒதுங்கி
வெயிலுக்குக் குடை விரித்தாலும் அது அசையாது.
நெல்மூட்டை ஏற்றிய ட்ராக்டர்
ஒரு முழம் பின்னுக்கு உருண்டால்
எல்லார் செருப்பும் நனையும்.

முந்நூறுக்குக் கிட்டக் கம்பெனிகள்.
அதில் ட்ராக்டர் நாலைந்துதான்.
பெரிய வங்கி ஒன்று, சிகரெட் ஒன்று, சாராயம் ஒன்று,
ஹோட்டலும் இறங்குதுறையுமாய் ஒரே கூரைக்குள் இன்னொன்று.
இன்று அதில் ஒன்றை
எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு நிதியம்
மத்தியானத்துக்கு முன் மொத்தமாக அள்ளிவிட்டது.
தட்டு சாய்ந்தது.
அதைத்தான் ஏற்றம் என்று வாசித்தார்கள்.
நீங்கள் குடையோடு நின்றீர்கள், ஹாஜியார்.

ஒரு செருமல்.
"அப்ப அந்த மிசின்ல ஒண்டப் புடிச்சித் தா."
உருண்டு முடிந்த பிறகா?
"சரி. மறுகா, அத ஆரு உருட்டுற?"

அது கேள்வி.
மத்திய வங்கி வட்டியைக் கால் வீதம் குறைத்தால்
நிலையான வைப்பில் தூங்கும் காசு எழும்பி நடக்கும்.
புதன்கிழமை திறைசேரி உண்டியல் கூடத் தருகிறேன் என்றால்
அதே காசு திரும்பிப் படுத்துக்கொள்ளும்.
டொலர். காலாண்டுக் கணக்கு.
வரவு செலவுக்கு முதல்நாள் இரவு
யாரோ யாருக்கோ சொன்னதாக யாரோ சொன்னது.
சில நாள் இதில் ஒன்றுமே இல்லை,
எல்லாரும் விற்கிறார்கள் என்று எல்லாரும் விற்பது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
மார்கழியில் குளத்துக் கதவுகள் திறந்து
வெல்லாவெளி வயல் மூழ்கின அந்தக் கிழமை
ஐந்து நாளும் பச்சை.
என் சித்தப்பா தன் மூன்று ஏக்கரைத் தேடித்
தோணியில் போனார்.
சுட்டெண் புதிய உச்சம் என்று
நாங்கள் மேசையில் கேக் வெட்டினோம்.
அவர் பெயர் ஃபோனில் மினுங்கியது.
விரலில் ஐசிங்.
எடுக்கவில்லை.

ஆறு மணிப் பாதை.
சங்கிலியை அவிழ்க்கிற தவேந்திரன்
என் கழுத்து அட்டையைப் பார்த்து, வழக்கம்போல,
"ஏத்தமா இறக்கமா மிஸ்?"
சந்தையைக் கேட்கிறானா
கரையில் நிற்கும் சீமெந்து லொறியைக் கேட்கிறானா,
இரண்டு வருடமாய் எனக்குத் தெரியாது.
ஏத்தம், என்றேன்.
லொறியை ஏற்றினான்.
நான் நின்ற பக்கம் தாழ்ந்தது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.
தேயிலைத் தோட்டப் பங்கு முந்நூறு என்னிடமும் கிடக்கிறது,
இன்றைக்கு அறுபது சதம் கீழே.
ஹாஜியாருக்கு அதையும் சொல்லவில்லை.